கால் பாயாவில் மிதந்த கொழுப்பு

மார்கழி பிறந்தால் எங்கள் வண்ணாரப்பேட்டை வீட்டில் ஞாயிறு காலை இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும்தான். போன வருடம் டாக்டர் அப்பாவைக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். கிண்ணத்தில் மிதந்த எண்ணெயைப் பார்த்து, "வேணாம்மா, எனக்குச் சட்னியே போதும்" என்று தள்ளி வைத்தார். எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

கரண்டியால் வழித்துப் பார்த்தேன். கொழுப்போடு பாதிச் சாறும் போனது. அப்புறம்தான் சனிக்கிழமையே வேகவைக்க ஆரம்பித்தேன்.

நாலு காலையும் கடையிலேயே வாட்டி வெட்டி வாங்கி, மஞ்சள்தூளும் கடலைமாவும் தேய்த்து வெந்நீரில் இரண்டு முறை கழுவினால் கருகல் வாடை போய்விடும். இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், ஒன்றரை லிட்டர் தண்ணீர். குக்கரில் ஒரு விசில் வந்ததும் சிம்மில் 45 நிமிடம். முன்பெல்லாம் நாலைந்து விசிலில் இறக்கிவிடுவேன், தோல் ரப்பர் மாதிரி இழுக்கும். ஜவ்வு கரைய நேரம் வேண்டும்.

ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். காலையில் திறந்தால் அடியில் ஜெல்லி போல ஆடும் சாறு, மேலே வெள்ளைத் தகடாகக் கொழுப்பு. கரண்டி முனையால் ஓரத்தைத் தட்டினால் அப்படியே பெயர்ந்து வருகிறது, ஒரு சொட்டுச் சாறு வீணாகாமல்!

தேங்காய் அரைத்து ஊற்றுவதை விட்டுவிட்டேன். சூடாக்கும்போது மிளகும் சீரகமும் கொரகொரப்பாக இடித்துப் போட்டு, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் உப்பு குறைவாக இருப்பதே தெரியாது.

அந்த ஞாயிறு அப்பா இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார்.