நச்சைப் பிடித்து வைப்பது வேறு, அழிப்பது வேறு: வெயிலில் செய்து பார்க்கும் ஒரு சோதனை

2017 பிப்ரவரி 13 அன்று கோலாலம்பூர் விமான நிலையத்தில் விஎக்ஸ் என்னும் நரம்பு நச்சு ஒருவர் முகத்தில் பூசப்பட்ட பிறகு, அத்தகைய நச்சுகளை எப்படிச் செயலிழக்கச் செய்வது என்ற கேள்வி நமக்கும் அந்நியமானதாக இல்லை. நச்சு வாயுவைத் தடுக்கும் முகக்கவசத்திலுள்ள கரி நச்சைப் பெரும்பாலும் தன் நுண்துளைகளில் பிடித்து வைக்கிறதே தவிர அழிப்பதில்லை. பிடித்து, ஒளியின் துணையால் வேதிமாற்றமும் செய்யும் நுண்துளைப் பொருள்களை ஆய்வாளர்கள் தேடுவது இதனால்தான்.

அவற்றில் முதன்மையானவை உலோக-கரிமச் சட்டகங்கள், அதாவது உலோக முடிச்சுகளைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்துக் கட்டிய, துளைகள் நிறைந்த படிகங்கள். இவற்றை உருவாக்கி வளர்த்த கிதாகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது. பிசிஎன்-222 என்ற சட்டகத்தில் சிர்க்கோனிய முடிச்சுகளைப் போர்ஃபைரின் என்னும், ஒளியை உறிஞ்சும் மூலக்கூறுகள் இணைக்கின்றன. அதன் துளைகள் ஏறத்தாழ 3.7 நானோமீட்டர் அகலமுடையவை. ஒளி பட்டதும் போர்ஃபைரின் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கிளர்ச்சியுறச் செய்ய, அது கடுகு வாயு என்னும், தோலைக் கொப்புளிக்கச் செய்யும் போர் நச்சின் கந்தக அணுவில் போய் ஒட்டுகிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு: ஓர் ஆக்சிஜன் சேர்ந்தால் கிடைக்கும் சல்ஃபாக்சைடு பெரிதும் தீங்கற்றது, இரண்டு சேர்ந்தால் வரும் சல்ஃபோன் மீண்டும் நச்சுத்தன்மை உடையது. ஆகவே வேகத்தைவிட, சரியான இடத்தில் நின்றுவிடும் அந்த மென்மையே இப்பொருளின் பெருமை என்பேன்.

இச்சட்டகத்தை வீட்டில் செய்ய இயலாது. அதற்குப் பதிலாக டைட்டானியம் டைஆக்சைடு என்னும் வெள்ளைத் தூள் பூசிய பெர்லைட் கற்களையும் (செடி மண்ணில் கலக்கும் இலேசான வெண்கற்கள்), நச்சின் இடத்தில் மெத்திலீன் புளூ சாயத்தையும் வைத்துக்கொள்வோம். இதன் வேதிவழி வேறு. இது சூரிய ஒளியின் புறஊதாப் பகுதியை மட்டுமே பயன்படுத்தும். ஆனால் பிடிப்பதையும் அழிப்பதையும் பிரித்தறியும் முறை ஒன்றுதான்.

முதலில் பொருள்கள். பெர்லைட் எந்த நாற்றுப்பண்ணையிலும், மெத்திலீன் புளூ அலங்கார மீன் கடையிலும் கிடைக்கும். டைட்டானியம் டைஆக்சைடு வாங்கும்போது மட்டும் ஒளிவினைக்கு ஏற்ற அனட்டேஸ் என்னும் படிக வகையா என்று கேட்டு வாங்குங்கள். முகப்பூச்சுக்கென விற்கப்படும் தூள் பெரும்பாலும் ரூட்டைல் என்னும் வேறு படிக வகை, அதன் மேல் ஒளிவினையைத் தடுக்கும் பூச்சும் இருக்கும். பெர்லைட்டின் தூசியும் டைட்டானியம் டைஆக்சைடு தூளும் நுரையீரலுக்கு ஆகாதவை என்பதால் முகக்கவசமும் கையுறையும் அணிந்த பிறகே பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

அடுத்தது பூச்சு. ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டித் தூளைக் கலக்கி, அதில் இரண்டு கைப்பிடிப் பெர்லைட்டை ஓர் இரவு ஊற வையுங்கள். வடிகட்டி, சமையலுக்குத் திரும்ப எடுக்காத பழைய தட்டில் பரப்பி, வெயிலில் உலர்த்தியபின் மின்சார ஓவனில் 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். ஆறியதும், கழுவும் நீர் பால்போல் வருவது நிற்கும்வரை அலசுங்கள். இதில் அவசரப்பட்டால் உதிர்ந்த தூள் பின்னர் சாய நீரைக் கலக்கி, நிறத்தைக் கணிக்கவே விடாது.

இனி சோதனை. பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்தைப் படிக்க முடிகிற அளவுக்கு வெளிர்நீலமாகச் சாய நீர் தயாரித்து, தெளிவான மூன்று நெகிழிப் புட்டிகளில் பாதியளவு ஊற்றுங்கள். வினைக்கு ஆக்சிஜன் தேவை என்பதால் மீதி இடம் காற்றுக்கு. முதல் புட்டியில் சாயம் மட்டும், இரண்டாவதில் சாயமும் கற்களும். மூன்றாவதிலும் சாயமும் கற்களும்தான், ஆனால் அதை அலுமினியத் தாளால் முழுவதும் சுற்றிவிடுங்கள். மூன்றையும் திறந்த வெயிலில் படுக்க வைத்து, அவ்வப்போது குலுக்குங்கள். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் ஒரு மணிக்கும் பின்னர்தான் என்பதால் முற்பகல் 11 முதல் 3 மணி வரை நல்ல நேரம். மாலை மழைக்கு முன் எடுத்துவிடலாம்.

மூன்றாம் புட்டியே இச்சோதனையின் உயிர். அதிலும் நீலம் ஓரளவு குறைந்திருக்கலாம், ஆனால் ஒரு கல்லை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தால் நிறம் கல்லுக்கு இடம் மாறியிருப்பது தெரியும். இரண்டாம் புட்டியிலோ நீரும் வெளுத்து, கல்லும் வெளுத்திருக்க வேண்டும். முதல் புட்டியில் சாயம் வெயிலில் தானாக எவ்வளவு மங்குகிறது என்று பார்த்து, அந்த அளவைக் கழித்தே இரண்டாவதை மதிப்பிட வேண்டும்.

மேலும் ஓர் எச்சரிக்கை. மெத்திலீன் புளூ சிதையாமலே நிறமற்ற வடிவத்துக்கு மாறக்கூடியது. காற்றுப் பட்டால் அது மீண்டும் நீலமாகும். எனவே வெளுத்த நீரைத் தனியே வடித்து, மூடியைத் திறந்து காற்றேற்றி நன்றாகக் குலுக்கிச் சற்று நேரம் வையுங்கள். நீலம் திரும்பாவிட்டால்தான் சாயம் உடைந்தது என்று எழுதிக்கொள்ளலாம்.

இதைப் பூச்சிக்கொல்லி போன்ற உண்மையான நச்சுகளோடு ஒருபோதும் செய்ய வேண்டாம். பாதியில் நிற்கும் வினை மூலப்பொருளைவிடக் கொடியதைத் தரக்கூடும், அதைக் கண்ணால் காண முடியாது. பயன்படுத்திய நீரை நிறம் முழுதும் போகும்வரை வெயிலில் வைத்துவிட்டு ஊற்றுங்கள். கற்களைக் கால்வாயில் கொட்டாமல், அலசி உலர்த்தி அடுத்த முறைக்கு எடுத்து வைக்கலாம். மூன்றாம் புட்டியின் நீலக் கற்களையும் ஈரத்தோடு வெயிலில் பரப்பி, அவையும் வெளுக்கின்றனவா என்று பாருங்கள்.