பிளிட்ஸில் கோட்டை விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் ஃபோனில் பிளிட்ஸ், அதாவது மூணு நிமிஷ செஸ், ஆடித் தோற்பவர்களுக்கு (கொண்டை ஊசி வளைவில் சிக்னல் போய்த் தோற்றது கணக்கில் வராது) ஒரு குறிப்பு. லிசெஸ் என்ற செஸ் இணையதளத்தில் ஆட்டத்தை இலவசமாகவே அலசலாம், ஆனால் உங்கள் தப்பை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் வரைபடத்தில் கோடு சட்டென்று உங்கள் பக்கம் எகிறி, அடுத்த நகர்த்தலிலேயே பழைய இடத்துக்கு வந்திருக்கும் பாருங்கள், எதிராளி சொதப்பியும் நீங்கள் கவனிக்காமல் விட்ட இடம் அதுதான். அங்கே கம்ப்யூட்டர் விடையை மறைத்துவிட்டு முதலில் செக், அப்புறம் வெட்டு, அப்புறம் மிரட்டல் என்று நீங்களே தேடுங்கள். பி5-ல் நிற்கும் வெள்ளைக் குதிரை சி7-க்குத் தாவினால் இ8-ல் ராஜாவுக்குச் செக், ஏ8 யானையும் மாட்டும். பெரும்பாலும் இந்த மாதிரி விஷயம்தான். அப்போது கடிகாரத்தில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்றும் பாருங்கள், ஒரு நிமிஷத்துக்கு மேல் என்றால் நேரத்தின் மேல் பழி போட முடியாது.