ஸ்லீப்ல போட்டும் ஃபேன் நிக்கலையா? எனக்கு சரியானது இப்படித்தான்

என் பழைய டெஸ்க்டாப்ப ஸ்லீப்ல போட்டா மானிட்டர் அணைஞ்சிடும், ஆனா ஃபேன் எல்லாம் அது பாட்டுக்கு சுத்திக்கிட்டே கெடக்கும், விண்டோஸ்ல என்ன நோண்டினாலும் நிக்கல. கடைசில பயாஸ்ல (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி தொறக்குற போர்டோட செட்டிங்ஸ்) பவர் மேனேஜ்மென்ட்குள்ள போய்ப் பாத்தா சஸ்பெண்ட் டைப் எஸ்1னு இருக்கு. எஸ்1ல ப்ராசஸர் மட்டும்தான் ஓய்வெடுக்கும், போர்டுக்கு கரன்ட் போய்க்கிட்டேதான் இருக்கும். எஸ்3ன்னு மாத்தினேன், இப்ப ராமுக்கு (மெமரிக்கு) மட்டும் கரன்ட், ஃபேன் கப்சிப்.

இன்னொண்ணு, கேஸ் ஃபேன் எப்பவும் ஃபுல் ஸ்பீடுல கத்துச்சு. அது 3 பின் ஃபேன், போர்டுல அத சொருகுற ஹெட்டர் 4 பின், மோட் பிடபிள்யூஎம்ல (நாலாவது ஒயர் வழியா ஸ்பீட மாத்துற முறை) இருந்ததால எப்பவும் முழு 12 வோல்ட் போயிருக்கு (3 பின்ல ஸ்பீட கட்டுப்படுத்துற ஒயரே கிடையாதே). டிசி மோடுக்கு மாத்தினதும் வோல்ட்டேஜ் கொறைஞ்சு சத்தம் அடங்கிடுச்சு. ரொம்பவும் கொறைச்சிடாதீங்க, சில ஃபேன் ஸ்டார்ட்டே ஆகாது.