தனியே இருக்க முடியாத மீட்பு நாய்க்கு வீடு தேடுதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

வீட்டில் ஆள் இல்லாதபோது நிலைகொள்ளாமல் தவிக்கும் நாயைத் தற்காலிகமாகப் பராமரித்து, அதற்கு நிலையான வீடு ஒன்றைத் தேடித்தர வேண்டிய பொறுப்பில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தடுப்பூசி, கருத்தடை, நல்ல ஒளிப்படம், தத்து ஒப்பந்தம் ஆகியவை எல்லா நாய்களுக்கும் பொதுவானவை என்பதால் அவற்றை விட்டுவிட்டு, பிரிவுப் பதற்றம், அதாவது ஆள் பிரிந்ததும் வரும் இந்தத் தவிப்பு, உள்ள நாய்க்கு மட்டும் மாறுபடுகிற வேலைகளைச் சொல்கிறேன். என் பராமரிப்பில் இருந்த பழுப்பு நிறப் பெண் நாய்க்கு வீடு அமைந்த பிறகு யோசித்துப் பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று: இத்தகைய நாய்க்குத் தேட வேண்டியது பாசம் மிகுந்த வீட்டை அன்று, ஆள் இருப்பு ஒத்துவரும் வீட்டை. பாசமுள்ள குடும்பங்கள் பல கேட்டு வந்தன. அவற்றில் பெரும்பாலானவை காலையில் பூட்டி மாலையில் திறக்கும் வீடுகளாகவே இருந்தன.

முதல் படி: பதற்றம்தானா என்று உறுதிசெய்தல்

பயன்படாமல் கிடக்கும் பழைய கைபேசி ஒன்றை வாசற்கதவு தெரியும்படி அலமாரியில் சாய்த்து வைத்து, உங்கள் கைபேசிக்குக் காணொளி அழைப்பு விடுத்து, ஒலியை உங்கள் பக்கம் மட்டும் அடைத்துவிட்டு வெளியே செல்லுங்கள். இதற்கென விற்கப்படும் கேமராக்களில் நாயோடு பேசும் வசதி இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குரல் மட்டும் வந்து ஆள் வராதபோது நாய் அறை அறையாகத் தேடத் தொடங்குகிறது, நீங்கள் காண வந்த நடத்தை உங்கள் குரலாலேயே கலைந்துவிடுகிறது.

பதிவில் முதல் அரை மணி நேரம்தான் முக்கியம், ஏனெனில் பிரிவுப் பதற்றம் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்ளேயே வெளிப்பட்டுவிடும். குரைப்பும் ஊளையும் எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்கு முன் வரும் அடையாளங்கள்தான் கண்ணுக்குத் தப்புகின்றன. எங்கள் நாய் கதவின் அடி இடுக்கில் மூக்கை வைத்து மோந்தபடி நின்றது, தூக்கம் வராமலே அடுத்தடுத்துக் கொட்டாவி விட்டது, உதட்டை நக்கியது, முன்காலில் ஒன்றைத் தூக்கியபடி உறைந்து நின்றது. முனகல் அதற்குப் பிறகுதான் வந்தது, அதற்குள் தரையில் எச்சில் சிறு வட்டமாகத் தேங்கியிருந்தது. அருகில் வைத்த தின்பண்டத்தை அது தொடவே இல்லை. ஆள் இருக்கும்போது ஆவலாகத் தின்னும் பொருளைத் தனிமையில் புறக்கணிப்பது மிக நம்பகமான குறிகளில் ஒன்று.

சலிப்பால் செருப்பைக் கடிக்கும் நாய் இடையிடையே உறங்கும், தின்னும், கைக்கு எட்டிய எதையும் கடிக்கும். பதறும் நாயின் சேதம் கதவுச் சட்டம், சன்னல் ஓரம் என்று வெளியேறும் வழிகளிலேயே குவியும். வயதான நாயிடம் இது திடீரெனத் தொடங்கினால் வலி, சிறுநீர்ப்பாதை நோய், மூளைத் தளர்ச்சி ஆகியவை இல்லை என்பதைக் கால்நடை மருத்துவரிடம் முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: யாரைப் பிரிந்தால் பதற்றம்?

இந்தச் சோதனையைப் பலர் செய்வதில்லை, ஆனால் வீடு தேடும் வேலையில் பாதியை இதுவே தீர்மானிக்கிறது. நாய்க்கு ஓரளவு பழகிய ஒருவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் வெளியேறுங்கள். நாய் சற்று நேரம் கதவைப் பார்த்துவிட்டு அவர் காலடியில் படுத்துக்கொண்டால், அதற்குத் தேவை மனிதத் துணை, குறிப்பிட்ட மனிதர் அன்று. அப்படியானால் பெரியவர்கள் இருக்கும் குடும்பம், மாறி மாறி வேலைக்குச் செல்லும் இணையர், பகல்நேரக் காப்பகத்தில் விட்டுச் செல்லக்கூடியவர் என்று தேடும் பரப்பு விரிகிறது. அவர் இருந்தும் நாய் அதே அளவு தவித்தால் அது உங்களிடமே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உணவு, நடை, உறங்கும் இடம் ஆகியவற்றை வீட்டிலுள்ள மற்றவர்களும் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய பிறகே தேடலைத் தீவிரப்படுத்துங்கள்.

மூன்றாம் படி: காத்திருக்கும் காலத்தில் பயிற்சியும் மருந்தும்

பயிற்சியின் விதி ஒன்றே: நாய் பதறத் தொடங்கும் கணத்துக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். அது கதவுக்கு அப்பால் 5 நொடியாக இருந்தால் 5 நொடியிலிருந்தே தொடங்குங்கள். சாவிக்கொத்தின் ஓசை, செருப்பு அணிவது, பையை எடுப்பது ஆகியவற்றாலேயே நாய் எழுந்துவிடும் என்றால், அவற்றைச் செய்துவிட்டு வெளியே போகாமல் மீண்டும் நாற்காலியில் அமர்வதே முதற்பாடம். பயிற்சிக்கு வெளியே அதன் தாங்கும் அளவை மீறித் தனியே விடாமல் இருப்பதும் பயிற்சியின் பகுதியே. பகலில் இரண்டு நிமிடம் பழக்கிவிட்டு மாலையில் மூன்று மணி நேரம் பூட்டிச் சென்றால் பகலில் பெற்றது கரைந்துவிடும்.

மருந்து என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. கடுமையான பதற்றத்தில் மருந்தைக் கடைசி வழியாகத் தள்ளிப்போடுவது நாய்க்குச் செய்யும் உதவி அன்று என்பது என் கருத்து. குளோமிப்ரமின், ஃப்ளுவாக்ஸிட்டின் ஆகிய இரண்டும் நாய்களின் பிரிவுப் பதற்றத்துக்கென்றே, நடத்தைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுப்பதற்காக, அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றவை. பின்னது 2007இல் அந்த ஒப்புதலைப் பெற்றது. இவை கொடுத்த அன்றே வேலை செய்பவை அல்ல, முழுப் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். எனவே மருத்துவர் பரிந்துரைத்தால், வீடு கிடைத்த பிறகு பார்க்கலாம் என்று காத்திராமல் உங்களிடம் இருக்கும்போதே தொடங்கிவிடுவது நல்லது. அமிட்ராஸ் கலந்த உண்ணிக் கழுத்துப்பட்டையை இம்மருந்துகளோடு சேர்க்கக் கூடாது. புதிய வீட்டார் நல்லெண்ணத்தோடு வாங்கி மாட்டிவிடக்கூடும் என்பதால் ஒப்படைப்புக் குறிப்பில் இதை முதல் வரியாக எழுதுங்கள்.

நான்காம் படி: விளம்பரத்தை எழுதுதல்

என்னை நெடுநாள் நிறுத்தி வைத்த படி இது. உண்மையைச் சொன்னால் ஒருவரும் அழைக்க மாட்டார்கள் என்ற அச்சத்தில், "நிழல்போல் கூடவே வருவாள்", "அன்புக்கு ஏங்குபவள்" என்ற வகையில்தான் பெரும்பாலான அறிவிப்புகள் எழுதப்படுகின்றன. இச்சொற்கள் பொய்யல்ல, ஆனால் படிப்பவர் மனத்தில் அவை எழுப்பும் படம் மாலையில் மடியில் படுத்திருக்கும் நாயே தவிர, பகலில் கதவைப் பிறாண்டி நகம் பெயர்ந்த நாய் அன்று. அழைப்புகள் குவியும், ஒவ்வொருவரிடமும் மூன்றாவது கேள்வியில் உண்மை வெளிவரும், அவர்கள் விலகுவார்கள். விலகாமல் எடுத்துச் செல்பவர் திருப்பிக் கொண்டுவரும் வாய்ப்பே அதிகம், அப்படி வரும் ஒவ்வொரு முறையும் நாயின் நிலை முன்னைவிட மோசமாகக்கூடும்.

ஆகவே நிமிடக் கணக்கில் எழுதுங்கள். நான் இறுதியில் வந்து சேர்ந்த வடிவம் இது:

"ஏறத்தாழ 3 வயதுப் பெண் நாய். ஆள் துணை இருக்கும்போது அமைதியானவள். இப்போதைக்கு 10 நிமிடம் வரை தனியே இருப்பாள். அதற்கு மேல் ஊளையிடுவாள், கதவைப் பிறாண்டுவாள். பழகிய எவர் உடனிருந்தாலும் போதும். தினமும் ஒருமுறை மருந்து உண்டு. பயிற்சி தொடர்கிறது, அதை உங்களுக்கும் கற்றுத்தருவேன். வரும் பல மாதங்களுக்கு எப்போதும் யாரேனும் ஒருவர் வீட்டில் இருக்கக்கூடிய குடும்பம் தேவை."

இதில் ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பகுதியினரை விலக்குகிறது, அதுதான் அதன் வேலை. அழைப்புகள் வெகுவாகக் குறையும், ஆனால் அழைப்பவர் ஏற்கெனவே தன் வீட்டின் பகற்பொழுதை எண்ணிப் பார்த்துவிட்டு அழைக்கிறார். 10 நிமிடம் என்ற எண்ணைக் கண்டு துணுக்குற வேண்டாம். "சற்றுப் பதறுவாள்" என்ற சொல்லைவிடத் துல்லியமான சிறிய எண்ணையே மக்கள் நம்புகிறார்கள்.

ஐந்தாம் படி: வீட்டாரைத் தேர்ந்தெடுத்தல்

"வீட்டில் எப்போதும் ஆள் இருப்பார்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். அதற்குப் பதிலாக, "போன செவ்வாய்க்கிழமை காலை முதல் இரவு வரை யார் யார் எந்நேரத்தில் வீட்டில் இருந்தீர்கள்?" என்று கேளுங்கள். நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, காய்கறி வாங்கப் போன முக்கால் மணி நேரமும் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போன அரை மணி நேரமும் தாமாகவே வெளிப்படும். அந்த இடைவெளிகளை யார் நிரப்புவார் என்று அடுத்துக் கேளுங்கள். வீட்டிலிருந்தே பணி செய்பவர் என்றால், நாளை அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டால் என்ன ஏற்பாடு என்றும் கேட்டுவிடுங்கள். சுவர் ஒட்டிய குடியிருப்பாக இருந்தால் அண்டை வீட்டாரிடமும், வாடகை வீடானால் உரிமையாளரிடமும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும், ஏனெனில் முதல் ஊளையிலேயே அவர்களிடமிருந்து புகார் வரும்.

இக்கேள்விகளுக்கு எரிச்சலடைபவரிடம் நாயைக் கொடுக்காதீர்கள்.

ஆறாம் படி: ஒப்படைத்தல்

உங்கள் வீட்டில் நாய் அடைந்த நிமிடக் கணக்கு புதிய வீட்டுக்குச் செல்லாது. அங்கே மீண்டும் பூச்சியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதை எழுத்தில் கொடுங்கள். முதலில் நீங்கள் உடனிருக்க அவ்வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள், பிறகு சில மணி நேரம் விட்டு வாருங்கள், அதன் பிறகே இரவுத் தங்கல். துவைக்காத விரிப்பையும் அதே உணவையும் கூடவே அனுப்புங்கள். மருந்து இடையில் அறுபடாத அளவுக்குக் கொடுத்தனுப்பி, அடுத்த சீட்டை எந்த மருத்துவரிடம் பெறுவது என்பதையும் குறித்துவிடுங்கள்.

புதியவர் நாய்க்காக விடுப்பு எடுப்பது நல்லதே. ஆனால் விடுப்பு முழுவதும் நாயை விட்டு நகராமல் இருந்துவிட்டு, அது முடிந்த மறுநாள் காலையில் முழுநேரம் பூட்டிச் செல்வது வழக்கமாக நடக்கும் விபத்து. நாய் அங்கே உண்டு உறங்கத் தொடங்கியதும் நொடிக் கணக்கிலான பயிற்சியும் தொடங்கிவிட வேண்டும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்துபார்த்தவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சேர்க்கிறேன்.

கூண்டில் வைக்கலாமா என்று பலர் கேட்டார்கள். கூண்டை விரும்பி உறங்கும் நாய்க்குச் சரி. பதறும் நாய் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும், பாதத்தைக் கிழித்துக்கொள்ளும். திறந்த அறையிலும் கூண்டிலும் தனித்தனியே பதிவுசெய்து ஒப்பிட்டுப் பாருங்கள். சில நாய்களுக்கு அடைபடுவதே சிக்கலாக இருந்து, தனிமை சிக்கலாகவே இருப்பதில்லை.

துணைக்கு இன்னொரு நாய் இருந்தால் தீர்ந்துவிடாதா என்பது மற்றொரு கேள்வி. மனிதரைப் பிரிந்து தவிக்கும் நாய்க்கு இன்னொரு நாய் பெரும்பாலும் மாற்றாவதில்லை. ஏற்கெனவே நாய் உள்ள வீட்டார் கேட்டு வந்தால் மறுக்க வேண்டியதில்லை, அந்த நாயோடு தனியே விட்டுப் பதிவுசெய்து பார்த்தபின் முடிவெடுங்கள்.

வீட்டுக்குத் திரும்பிவந்து சேதத்தைக் கண்டதும் அதட்டலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. எதற்காக அதட்டுகிறீர்கள் என்பது நாய்க்கு விளங்காது. ஆள் வெளியே போவது மட்டுமன்றித் திரும்பி வருவதும் அதற்கு அச்சமாகிவிடும்.

நாய் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதே கடைசிக் கேள்வி. எந்தக் காரணத்துக்கும் நாயை வேறு எவரிடமும் கொடுக்காமல் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் முன்பே சேர்த்திருங்கள். திரும்பும் நாளில் அவர்கள் எடுத்த காணொளிகளையும், எவ்வளவு நேரம் தனியே இருந்தது, யாருடன் அமைதியாக இருந்தது, எந்த ஓசைக்குத் தவித்தது என்ற விவரங்களையும் கேட்டு வாங்குங்கள். சில நாட்கள் ஓய்வு கொடுத்து, முதல் படியில் சொன்னவாறு மீண்டும் பதிவுசெய்து, விளம்பரத்தில் உள்ள நிமிடக் கணக்கைத் திருத்திய பிறகே அடுத்த அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்.