கேத்தலுக்கு உயிர் வரும் வழி: 90 விநாடி அனிமேஷன் குறும்படம் செய்வது எப்படி

அனிமேஷன் படம் செய்யப் புறப்படுகிற பிள்ளைகளில் பலர் முதல் நாளே மனித முகம் செதுக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் மூக்கும் இமையும் திருத்தியபடியே இருப்பார்கள், படம் தொடங்கியே இருக்காது. முதல் படத்துக்கு முகம் வேண்டாம். அடுப்படியில் கரிபிடித்துக் கிடக்கிற கேத்தல் போதும். மூக்கு இருக்கிறது, தலையில் மூடி இருக்கிறது, தோளுக்கு மேலே பிடி இருக்கிறது. நடிப்பதற்கு அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

பிக்சார் ஸ்டூடியோ 1986இல் ‘லக்ஸோ ஜூனியர்’ செய்தபோது இரண்டு மேசை விளக்குகளும் ஒரு பந்தும்தான் பாத்திரங்கள். ஏறத்தாழ இரண்டு நிமிடப் படம். கமரா இருந்த இடத்தை விட்டு அசையாது. விளக்குகளுக்குக் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. ஆனாலும் எது பெரியவர், எது பிள்ளை என்று பார்த்த கணமே தெரியும். இயக்குநர் ஜோன் லஸெட்டர் பெரிய விளக்கை அப்படியே சுருக்கிச் சின்ன விளக்கைச் செய்யவில்லை. உடம்பின் அளவுகளைப் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி மாற்றினார், பல்பை மட்டும் அதே அளவில் விட்டார், பல்பு கடையில் வாங்கிப் போடுகிற சாமான் என்பதால். பாத்திரம் அமைக்கும்போது இந்த மாதிரி யோசிக்க வேண்டும்.

அந்த ஸ்டூடியோவின் குறும்படங்களில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. பல படங்கள் ஏதாவதொரு புதுச் சிக்கலைத் தீர்த்துப் பார்க்கும் களமாக இருந்திருக்கின்றன. 1997இல் ‘ஜெரீஸ் கேம்’ வயதான மனிதரின் தோலையும் உடுப்பையும் எடுத்தது. 2016இல் ‘பைப்பர்’ இறகையும் மணலையும் எடுத்தது. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு மடிக்கணினி. ஆகவே நீங்களும் ஒரு சிக்கலை மட்டும் எடுங்கள். இந்தப் படத்தில் அது ஆவி. வெளியே மழை பெய்யட்டும், ஆனால் காதுக்கு மட்டும்.

மென்பொருளுக்குச் சல்லி தேவையில்லை. முப்பரிமாண அனிமேஷன் செய்கிற பிளெண்டர் இலவசம். பிளெண்டர் நிறுவனம் 2008இல் வெளியிட்ட ‘பிக் பக் பன்னி’ போன்ற படங்களின் மூலக் கோப்புகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு ஷொட்டை (வெட்டில்லாமல் ஓடும் ஒரு துண்டை) திறந்து, பாத்திரத்தை அசைக்க உள்ளே வைக்கிற எலும்புகள் எப்படிக் கட்டியிருக்கிறது என்று பார்த்தால் பல பாடங்கள் ஒரே நாளில் புரியும்.

கதை

முதலில் ஒரே வசனத்தில் எழுதுங்கள்: யாருக்கு, என்ன வேண்டும், எது தடுக்கிறது. நமக்கு இப்படி: லயக் காம்பராவில் (தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில்) புது மின்சாரக் கேத்தல் வந்ததும் மூலைக்குப் போன பழைய கேத்தலுக்கு மறுபடி அடுப்பில் ஏற ஆசை. மழை இரவில் கரண்ட் போகிறது. ஒரே அறை, இரண்டு பாத்திரம், ஓர் இரவு. இதற்குள் தோட்டத்துப் பெரட்டையும் (காலையில் வேலைக்கு ஆள் கூடுவதையும்) கங்காணியையும் திருவிழாவையும் நுழைக்க மனசு வரும், நுழைக்க வேண்டாம். ஒவ்வொரு புது இடமும் புது மொடல், புது வெளிச்சம், புது ரெண்டர் (கணினி ஒவ்வொரு படமாகக் கணக்கிட்டு வரைவது).

90 விநாடி, விநாடிக்கு 24 ஃபிரேம் (தனிப் படம்) என்றால் 2160 ஃபிரேம். 12 முதல் 15 ஷொட் போதும். கோடு போடாத கொப்பியில் ஷொட்டுக்கு இரண்டு மூன்று படமாக 30, 35 சின்னப் படங்கள் பென்சிலால் வரையுங்கள். வட்டமும் முக்கோணமும் போதும். போனில் படமெடுத்து பிளெண்டரின் வீடியோ எடிட்டரில் வரிசையாக வைத்து, மழையையும் மூடிச் சத்தத்தையும் வாயாலேயே போட்டு ஓடவிடுங்கள். விளக்கம் ஒன்றும் சொல்லாமல் வீட்டில் இரண்டு பேருக்குக் காட்டுங்கள். ‘இது ஏன் இப்படிச் செய்யுது?’ என்று அவர்கள் கேட்கிற இடம் பிழையான இடம். கொப்பியில் அதைத் திருத்த ஐந்து நிமிடம் போகும், ரெண்டருக்குப் பிறகு திருத்த ஒரு கிழமை போகும்.

கேத்தலைச் செய்தல்

வீட்டுக் கேத்தலை அளவுகோலால் அளந்து அதே அளவில் செய்யுங்கள். பிளெண்டரில் 1 அலகு 1 மீற்றர், ஆகவே பிடியோடு 22 சென்ரிமீற்றர் கேத்தல் என்றால் 0.22. கண்ணுக்குச் சின்னதாகத் தெரிகிறதே என்று இரண்டு மீற்றருக்கு இழுத்துவிட்டால் வெளிச்சமும் கமராவின் மங்கலும் பொருளின் அளவுக்குப் பொருந்தாமல் போகும். சின்ன அளவில் வருகிற தொந்தரவு ஒன்றுதான். கமராவின் கிளிப் ஸ்டார்ட் (இதைவிடக் கிட்டே இருப்பது படத்தில் தெரியாது) 0.1 மீற்றரில் நிற்கும், கிட்டப் போனால் கேத்தலின் மூக்கு வெட்டுப்படும். அதை 0.01 ஆக்குங்கள்.

மூடி தனிப் பொருளாக இருக்க வேண்டும். அதன் சுழல்மையம் நடுவில் அல்ல, பின் விளிம்பில். நடுவில் வைத்தால் மூடி திறக்கும்போது பின்பக்கம் கேத்தலுக்குள் புதையும். எலும்பு கட்டுவதற்கு முன் கன்ட்ரோல்-ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்யுங்கள் (மாற்றிய அளவை நிலையாக்குவது), விட்டால் எலும்பை அசைக்கும்போது உடம்பு கோணலாக நசுங்கும். ஏழு எலும்பு போதும்: முழு உடம்பை நகர்த்த ஒன்று, அடிப்பாகத்துக்கு ஒன்று, மேல்பாகத்துக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று, பிடிக்கு ஒன்று, மூக்குக்கு இரண்டு.

கரி கறுப்புத்தான், ஆனால் நிறத்தைப் பூச்சியத்தில் வைத்தால் வெளிச்சமே படாத ஓட்டை மாதிரித் தெரியும். 0.03, 0.04 அளவில் வையுங்கள். தீ தொடும் கீழ்ப்பாதியில் சொரசொரப்பு 0.9, மேலே 0.35. பிடிக்குப் பக்கத்தில் கரி துடைபட்டு உலோகம் தெரிய வேண்டும், தினமும் துணியால் பிடித்துத் தூக்குகிற இடம் அது. இந்த ஓர் இடத்தில் அரை நாள் செலவழித்தாலும் தகும்.

அசைத்தல்

கேத்தல் எங்கே பார்க்கிறது என்பதை மூக்கு சொல்லும், என்ன நினைக்கிறது என்பதை மூடி சொல்லும். ஆச்சரியப்படும் மூடிக்கு இப்படிக் கீஃப்ரேம் (எந்த ஃபிரேமில் எந்த நிலை என்ற குறி, சுருக்கமாகக் கீ) போட்டுப் பாருங்கள். 3 ஃபிரேமில் 15 பாகை திறக்கட்டும். 10 ஃபிரேம் அப்படியே நிற்கட்டும். 2 ஃபிரேமில் மூடட்டும். மூடியதும் 4 பாகை ஒரு துள்ளல், 1 பாகை இன்னொரு துள்ளல், பிறகு அமைதி. அந்தப் பத்து ஃபிரேம்தான் நடிப்பு. அதைக் குறைத்தால் மூடி காற்றில் ஆடியது போலிருக்கும், பார்ப்பவருக்கு எண்ணம் போய்ச் சேராது.

வலப்பக்கம் திரும்புவதற்கு முன் 4 ஃபிரேம் இடப்பக்கம் சற்றே சாயட்டும். திரும்பும்போது மூக்கு நுனி நேர்கோட்டில் போகாமல் கீழே வளைந்து மேலே வரட்டும். கொதிக்கும்போது மூடி நடுங்குவதை ஒரே இடைவெளியில் போடாதீர்கள், தையல் மெஷின் மாதிரி ஆகிவிடும். 3, 5, 2, 4 என்று கலைத்துப் போடுங்கள்.

துள்ளலில் கணக்கு முக்கியம். 10 சென்ரிமீற்றர் உயரத் துள்ளல் ஏறி இறங்க ஏறத்தாழ 7 ஃபிரேம். 30 சென்ரிமீற்றர் என்றால் 12. புதியவர்கள் சின்னத் துள்ளலுக்கே 20 ஃபிரேம் கொடுப்பார்கள், கேத்தல் பலூனாக மிதக்கும். விழுந்து நசுங்கும்போது உயரம் 90 சதவீதத்துக்குக் குறைந்தால் அகலம் 105க்கு ஏற வேண்டும், இல்லையென்றால் கேத்தல் சுருங்கியது போலிருக்கும். இது உலோகம், 90க்குக் கீழே இறக்க வேண்டாம்.

முதலில் முக்கிய நிலைகளை மட்டும் கொன்ஸ்டன்ட் முறையில் (ஒரு நிலையிலிருந்து அடுத்ததுக்குச் சட்டென்று தாவும்) வைத்து முழு ஷொட்டையும் ஓடவிட்டுப் பாருங்கள். நன்றாக இருந்தால் மட்டும், நிலைகளுக்கு இடையே வழுக்கிச் செல்லும் பெசியருக்கு மாற்றுங்கள். மாற்றியதும் எல்லாம் தண்ணீருக்குள் நடப்பது போல் மிதந்தால், நிற்க வேண்டிய நிலைக்கு ஒரு கீ மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். அதே நிலையைப் பிரதியெடுத்து 10 ஃபிரேம் தள்ளி இன்னொரு கீ வையுங்கள்.

வெளிச்சமும் ஆவியும்

அடுப்புத் தணலுக்கு பிளாக்பொடி (வெளிச்சத்தின் நிறத்தை வெப்பநிலையால் சொல்லும் அளவு, கெல்வினில்) 1900, மஞ்சு மூடிய ஜன்னலுக்கு 6500. இந்த இரண்டு நிறமும் கேத்தலின் இரு பக்கத்தில் பட்டால் மலைநாட்டுக் குளிர் அறைக்குள் வந்துவிடும். கரண்ட் போகும் இடத்தில் குண்டு பல்பை 3 ஃபிரேமில் அணையுங்கள். ஒரு விநாடி ஏறக்குறைய முழு இருட்டு. பிறகு தணல் மெல்லக் கேத்தலின் அடியைச் சிவப்பாக்கட்டும். படத்தின் உயிர் இங்கேதான், அவசரப்பட வேண்டாம்.

ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலையைச் செடி செடியாகச் செய்யத் தேவையில்லை. மூன்று அட்டைகளில் வரையுங்கள்: கிட்டே கரும்பச்சை நிரைகள், நடுவில் சாம்பல் கலந்த பச்சை, தூரத்தில் வெறும் நீலச் சாம்பல்.

ஆவிக்கும் புகை சிமியுலேஷன் வேண்டாம், கணினி தாங்காது. மெல்லிய பஞ்சு போன்ற டெக்ஸ்சர் (பொருளின்மேல் ஒட்டும் படம்) ஒட்டிய தட்டையான தாள்கள் ஐந்தாறை மூக்கின் மேல் அடுக்கி, கமராவைப் பார்க்க வைத்து, டெக்ஸ்சரை மேல்நோக்கி நகர்த்துங்கள். தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வரும் இடம் கறுத்துப்போனால் பிளெண்டரின் ரெண்டர் பகுதியான சைக்கிள்ஸின் டிரான்ஸ்பேரன்ட் பவுன்ஸ் (ஒளி தாண்டக்கூடிய ஊடுருவும் பரப்புகளின் எண்ணிக்கை) 8இல் நிற்கிறது, 16க்கு ஏற்றுங்கள்.

ரெண்டர்

சைக்கிள்ஸ் தானாக 4096 சாம்பிளில் (ஒவ்வொரு புள்ளிக்கும் ஒளியைக் கணக்கிடும் தடவை) நிற்கும். 128 வைத்து, புள்ளிகளை நீக்கும் டிநொய்ஸ் போடுங்கள். இருட்டு மூலைகளில் புள்ளிகள் கொதிப்பது போல் தெரிந்தால் அறைக்கு வெளிச்சம் கூட்டி ரெண்டர் செய்து, பிறகு நிறம் திருத்தும்போது இருட்டாக்குங்கள். ஃபிரேமுக்கு 2 நிமிடம் என்றால் மொத்தம் 72 மணித்தியாலம், 5 நிமிடம் என்றால் ஏழரை நாள். பத்து ஃபிரேமைச் சோதித்து இந்தக் கணக்கைப் போட்ட பிறகே முழுதாகத் தொடங்குங்கள்.

வீடியோக் கோப்பாக ஒருபோதும் ரெண்டர் செய்யாதீர்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடியில் கரண்ட் போனால் முழுக் கோப்பும் கெட்டுவிடும். பிஎன்ஜி படங்களாக எடுத்தால் கரண்ட் போன நேரத்து ஓர் ஃபிரேமோடு நட்டம் முடிந்துவிடும். அவுட்புட்டில் ஓவர்ரைட்டை (இருப்பதன்மேல் எழுதுவது) எடுத்துவிட்டு பிளேஸ்ஹோல்டரை (தொடங்கிய ஃபிரேமுக்கு இடம்பிடிக்கும் வெற்றுக் கோப்பு) போட்டால் மறுபடி தொடங்கும்போது முடிந்தவற்றைத் தாண்டிப் போகும். கரண்ட் போனபோது பாதியில் நின்ற வெற்றுக் கோப்பை மட்டும் முதலில் அழியுங்கள், இல்லையென்றால் அதையும் முடிந்ததாக எண்ணித் தாண்டிவிடும். ஒரே கோப்புறையைப் பகிர்ந்தால் இரண்டு கணினிகளும் இந்த முறையிலேயே வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். இரண்டாவது கணினியில் எல்லாம் பளீரென்ற மஜெண்டாவாக வந்தால் டெக்ஸ்சர்கள் வந்து சேரவில்லை, அவற்றைக் கோப்புக்குள்ளேயே பேக் செய்து அனுப்புங்கள். கணினியைக் கம்பளியின்மேல் வைக்காதீர்கள், பலகைமேல் வையுங்கள். இடி கேட்டால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

சத்தமும் எழுத்தும்

தகரக் கூரையில் விழும் மழையை அறைக்குள்ளே ஒரு தடவை, இஸ்தோப்பில் (வராந்தாவில்) ஒரு தடவை பதிவு செய்யுங்கள். காற்றுப் பட்டால் போனின்மேல் பழைய காலுறையைப் போர்த்துங்கள். மூடிச் சத்தத்தை அளந்த அதே கேத்தலிலிருந்தே எடுங்கள், வெறுங் கேத்தலில் ஒரு முறை, அரைவாசித் தண்ணீரோடு ஒரு முறை. இரண்டும் வேறு வேறாகக் கேட்கும், கதையில் எப்போது தண்ணீர் இருக்கிறதோ அதற்கேற்பப் போடுங்கள். பேசாத அறையின் சும்மாச் சத்தம் 30 விநாடி தனியாக வேண்டும், வெட்டுகளை மறைக்க அதுதான் உதவும்.

படத்தின் பெயரைப் பிளெண்டருக்குள் நேராகத் தட்டினால் தமிழின் கொம்பும் காலும் இடம் மாறி விழலாம். இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளில் எழுதி, பாதையாக மாற்றி, எஸ்விஜி கோப்பாகக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக எச்.264 எம்பி4 கோப்பு ஒன்று எடுத்து, காட்டப் போகிற அதே புரொஜெக்டரில் ஒரு நாள் முன்னதாக ஓட்டிப் பாருங்கள். மடிக்கணினியில் அழகாகத் தெரிந்த தணல் வெளிச்சம் கோவில் மண்டபத்து வெள்ளைத் துணியில் காணாமல் போவதுண்டு. அப்படியானால் கரண்ட் போன பிறகு வரும் ஷொட்களின் வெளிச்சத்தை மட்டும் ஒரு படி ஏற்றி இன்னொரு பிரதி எடுத்து, இரண்டையும் பென் ட்ரைவில் கொண்டுபோங்கள்.