ஒப்படையைக் கொடுத்துவிட்டு ஊர் சுற்றுங்கள்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கமிருந்து ஜேர்மனிக்குப் படிக்கப் போகும் தம்பி தங்கச்சிமாருக்கு: செமஸ்டர் தொடங்கியதுமே ஒப்படைத் திகதிகளைக் கலண்டரில் குறித்துவிடுங்கள். ஒப்படை கொடுத்த பிறகு வரும் வார இறுதிதான் பயணத்துக்கு. அதற்கு முந்தியது வேண்டாம், டிக்கெட் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி.

கொழும்புக்கு இரவுக் கோச்சியில் தூங்கிக்கொண்டே போய்ப் பழகியவர்கள் நாங்கள். ஜேர்மனியில் பகல் ரயிலில் மேசையோடு இருக்கை கிடைத்தால் ஒரு கட்டுரையை வாசித்து முடித்துவிடலாம். பீடிஎஃபை முதலே இறக்கி வையுங்கள், வழியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

ஜேர்மன் வதிவிட அனுமதி அட்டையும் பாஸ்போட்டும் கையிலிருந்தால், மற்ற ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசா முறையில் சேர்ந்திருக்கும் ஐரோப்பிய நாடுகள்) 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தனி விசா இல்லாமல் சுற்றலாம். லண்டனில் படிப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. இலங்கை பாஸ்போட்டோடு பாரிஸ் போக ஷெங்கன் விசா வேண்டும், பரீட்சை நேரத்தில் அதற்காக அலையாதீர்கள்.