எரிமலையின் வழியில் யார், என்னென்ன? ரெயூனியோனை வைத்து ஒரு செய்முறை

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் நம் ரெயூனியோன் தீவில் எரிமலை கிளம்பினால் வேடிக்கை பார்க்க ஊரே ஓடுகிறது. லாவா இறங்கும் வழியில் யார் குடியிருக்கிறார்கள், எது அறுபடும் என்று கணக்கெடுக்க ஆள் குறைவு. ஒரு கணினியும், வரைபடம் போட உதவும் இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸும் (QGIS) இருந்தால் நீங்களே செய்யலாம். எரிமலைக்குக் கிழக்கே கடலோரம் இருக்கும் செந்த்-ரோஸ், சேன்-ஃபிலிப் என்ற இரண்டு ஊர்களையும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஆபத்துகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். லாவா பள்ளம் பார்த்து ஓடும், கந்தக டை ஆக்சைடு காற்றடிக்கும் பக்கம் போகும், லாவா கடலில் விழும் இடத்தில் அமில ஆவி கிளம்பும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வட்டம் போட்டால் அந்த வரைபடம் யாருக்கும் உதவாது.

அடுத்து பழைய லாவா ஓடிய தடங்கள். நம் எரிமலையான பித்தோன் த லா ஃபூர்னேஸின் சீற்றங்களில் மிகப் பெரும்பாலானவை ஆன்குளோ என்ற பெரும் பள்ளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அதை நம்பி வெளியே இருக்கும் ஊர்களை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் 1977 ஏப்ரலில் ஆன்குளோவுக்கு வெளியே நிலத்தைப் பிளந்து வந்த லாவா பித்தோன்-செந்த்-ரோஸ் என்ற ஊருக்குள் இறங்கி வீடுகளை அழித்து, தேவாலயத்தின் வாசல் வரை வந்து நின்றது. 1986 மார்ச்சில் சேன்-ஃபிலிப்பிலும் வீடுகள் போயின. உள்ளே அடிக்கடி, ஆள் இல்லை. வெளியே அரிது, ஆனால் குடும்பங்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் வேறு வேறு நிறம் கொடுங்கள்.

மூன்றாவது, கட்டிடங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து இறக்கி, எல்லா வரைபட அடுக்குகளையும் EPSG 2975 என்ற ஆயமுறைக்கு (இடங்களை எண்களால் குறிக்கும் முறை) மாற்றுங்கள் (ரெயூனியோனுக்கு உரியது அதுதான், மாற்றாவிட்டால் தூரமும் பரப்பும் தப்பாக வரும்). பிறகு ஆபத்துப் பகுதிக்குள் விழும் கட்டிடங்களை எண்ணலாம். பள்ளி, மருத்துவமனை, கோயில் இவற்றைத் தனியாகக் குறியுங்கள். தீமிதி நாளில் கோயிலில் கூடும் சனத்தைக் கட்டிட எண்ணிக்கை காட்டவே காட்டாது, அதை நாம்தான் கேட்டு எழுத வேண்டும்.

சரி, இப்போது சாலை. என் பார்வையில் இந்த வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது. செந்த்-ரோஸையும் சேன்-ஃபிலிப்பையும் கடலோரமாக இணைப்பது லாவா கடலுக்கு இறங்கும் கிரான் ப்ரூலே சரிவு வழியாகப் போகும் ஆர்என்2 என்ற தேசியச் சாலை ஒன்றுதான். 2007 ஏப்ரலில் லாவா அதை மூடியது, சேன்-ஃபிலிப்பைச் சேர்ந்த த்ராம்ப்ளே சிற்றூர் மக்களை வெளியேற்றினார்கள், சாலை திறக்க மாதங்கள் ஆயின. அந்தக் காலத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக, மலையேறி ஆர்என்3 வழியாகத் தீவின் நடுவைக் கடந்து சுற்ற வேண்டும். அதனால் சாலையை ஓரிடத்தில் வெட்டி வைத்து, மருத்துவமனைக்கும் வேலைக்கும் புதிய தூரம் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். லாவா தொடாத வீடும் பாதிக்கப்பட்டோர் பட்டியலில் வந்துவிடும். மின்கம்பி, குடிநீர்க் குழாய், தொலைபேசிக் கோபுரம் எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

அப்புறம் ஊருக்குள் நடந்து போய்க் கேளுங்கள்: கார் இல்லாதவர் யார், தனியாக இருக்கும் முதியவர் யார், இரவில் அறிவிப்பு வந்தால் யார் போய்க் கதவைத் தட்டுவார்.

கடைசியாக, நீங்கள் பயன்படுத்தும் நில உயர வரைபடம் எந்த ஆண்டினது என்று பாருங்கள். 2007-க்கு முந்தையது என்றால், பிறகு படிந்த லாவா அதில் இருக்காது, ஓட்டப் பாதை தவறாக வரும். ஒவ்வொரு பெரிய சீற்றத்துக்குப் பிறகும் அந்த அடுக்கைப் புதுப்பித்து, கணக்கைத் திரும்ப ஓட்டுங்கள்.